குப்பைத் தொட்டிக்குப் போகுமுன்: சிட்னித் தமிழ்க் கடைக்காரருக்கு ஒரு திறந்த மடல்

பெண்டில் ஹில், வெஸ்ட்மீட், வென்ட்வேர்த்வில், டூங்காபி, ஹோம்புஷ் பக்கங்களில் கடை நடத்துகிற, நடத்திக் களைத்துக் கைமாற்றிவிட்ட அண்ணைமாருக்கும் அக்காமாருக்கும்,

உங்களிடம் மிளகாய்த்தூள், அரிசிமா, ஒடியல், கிழமை முடிவில் ஒரு கட்டு வல்லாரை என்று வாங்கிக்கொண்டு போகிறவர்களில் நானும் ஒருத்தி. இந்தமுறை கேட்பது வேறு சாமான். கடையைத் திருத்தும்போதோ விற்கும்போதோ குப்பைத் தொட்டிக்குப் போகக் காத்திருக்கிற பழைய பெயர்ப்பலகை, முதல் வருடத்துக் கணக்குக் கொப்பி, அக்காவின் கையெழுத்தில் ஒட்டியிருந்த விலைத் துண்டுகள், திறப்புவிழாப் படம், இவற்றை எறிந்துவிடாதீர்கள். கிரேக்கர்களின் கஃபே ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த சூட்டில் எழுதுகிறேன்.

அந்த இடம் பிங்கரா. சிட்னியில் இருந்து ஏறக்குறைய ஏழு மணித்தியாலக் கார் ஓட்டம். டம்வேர்த் தாண்டி இன்னும் வடக்கே, குவைடர் ஆற்றங்கரையில் ஆயிரத்துச் சொச்சம் சனம் வாழும் ஊர். வீதியோரத்தில் நிரையாகத் தோடை மரங்கள் நிற்கின்றன. போரில் மாண்ட ஊர்ப்பிள்ளைகளின் நினைவாக நட்டவை. பழுத்துத் தொங்கினாலும் பிடுங்கும் நாள் வரும்வரை ஊர்ச் சிறுவர் அதில் கைவைப்பதில்லையாம். எங்கள் ஊரில் இது நடக்குமா என்று யோசித்தபடி நடந்தால், பிரதான வீதியில் ரொக்ஸி தியேட்டர்.

கித்திரா என்கிற கிரேக்கத் தீவில் இருந்து வந்த மூன்று பங்காளிகள் அதைக் கட்டினார்கள்: ஜோர்ஜ் சால்டிஸ், பீட்டர் ஃபெரோஸ், இம்மானுவேல் அரோனி. 'பீட்டர்ஸ் அன் கோ' என்ற பெயரில் தொழில் செய்தவர்கள். தியேட்டர், அதை ஒட்டி கஃபே, பக்கத்தில் கடைகள் என்று ஒரே கட்டடத் தொகுதி. கணக்கு எளிது: படம் பார்க்க வருகிறவர் படத்துக்கு முன்னும் இடைவேளையிலும் பின்னும் கஃபேக்குள் வரவேண்டும். 1936 மார்ச் 28இல் தியேட்டரைத் திறந்தார்கள். ஊரில் ஏற்கெனவே படம் காட்டிக்கொண்டிருந்தவரோடு கடும் போட்டி. உலகப் பொருளாதார மந்தம் முழுதாக விலகாத காலம். கட்டடமோ அந்த ஊரின் அளவுக்கு மீறியது. திறந்த சில மாதங்களிலேயே மூவரும் நொடித்துப் போனார்கள்.

நொடித்துப் போனவர்களுடைய கட்டடத்தில்தான் இன்று அவர்களுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. என்னைப் பிடித்து நிறுத்தியது அதுதான். நாங்கள் யாருக்கு நினைவுமலர் போடுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். மூன்றாவது கிளை திறந்தவருக்கு, கோயில் தேருக்குக் காசு கொடுத்தவருக்கு. 1990களில் கடை போட்டு, வாடகை கட்ட முடியாமல் பூட்டிவிட்டு, திரும்பத் தொழிற்சாலை வேலைக்குப் போன அண்ணை ஒருவரின் படத்தை எந்த மலரிலும் நான் கண்டதில்லை.

தியேட்டர் வேறு கைகளுக்கு மாறி 1958 வரை படம் காட்டியது. பிறகு நாற்பது வருடத்துக்கும் மேலாகப் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. அதை இடித்துவிட்டுப் பெரிதாக எதையும் கட்ட அந்த ஊரில் காசு புரளவில்லை. அது தப்பியதற்கு அந்த வறுமையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1999இல் உள்ளூராட்சி சபை வாங்கியது, திருத்தி 2004இல் திறந்தது. பிறகு கஃபேயும் 1936இல் இருந்த தோற்றத்துக்கு மீட்கப்பட்டது. நாட்டுப்புற அவுஸ்திரேலியாவில் கிரேக்கர் குடியேறிய கதைக்கான அருங்காட்சியகம் 2014இல் அதே இடத்தில் தொடங்கியது. இதற்கு நடுவில், 2006இல், ஃபெரோஸின் பேரன் பீட்டர் பிரினியாஸ் தன் தாத்தாவின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். தாத்தா கடன்பட்டு விழுந்த கதையைப் பேரன் பெயர் போட்டு அச்சில் கொண்டுவந்தார். எங்கள் வீடுகளில் அந்தப் பேச்சு எழும்பினாலே குசினிக் கதவு சாத்தப்படும்.

அருங்காட்சியகம் சிறியது. அவசரக்காரர் அரை மணித்தியாலத்தில் சுற்றிவிடலாம். நான் நெடுநேரம் நின்றது மில்க்‌ஷேக் அடிக்கும் உலோகக் குவளைக்கு முன்னால். வாய் அகன்றது, உயரமானது, கைபட்டுக் கைபட்டு வெளிப்பக்கத்து மினுக்கம் மங்கியது. அடி விளிம்பில் ஒரு நெளிவு. ஒரே இடத்தில் வைத்து வைத்து எடுத்த நெளிவு அது. ஒரு நாளைக்கு எத்தனை தரம் அந்தக் கை அதைத் தூக்கியிருக்கும்! உங்கள் கடையில் கொத்துப் போடும் தகட்டின் ஒரு மூலை மட்டும் தேய்ந்திருக்குமே, அதைத்தான் நினைத்தேன்.

உணவுப் பட்டியலைப் பார்த்தால் சிரிப்பும் வரும், கொஞ்சம் வலிக்கவும் செய்யும். கிரேக்கக் கஃபே என்று பெயர், கிரேக்கச் சாப்பாடு ஒன்றும் இல்லை. மாட்டிறைச்சியும் முட்டையும், வாட்டிய இறைச்சிக் கலவை, பொரித்த மீன், பாண், பட்டர், தேநீர். அதோடு அமெரிக்காவில் இருந்து வந்த சோடா, ஐஸ்கிறீம் சன்டே, மில்க்‌ஷேக். வாடிக்கையாளருக்கு என்ன பிடிக்குமோ அது மட்டும். தங்களுக்கானதைப் பின்கட்டில் சமைத்துச் சாப்பிட்டார்கள். அதற்கும் ஒலிவ் எண்ணெய் லேசில் கிடையாது. அந்தக் காலத்து அவுஸ்திரேலியாவில் அது மருந்துக்கடையில் சின்னப் போத்தலில் விற்கும் சாமான். காது வலிக்கு விடுகிற எண்ணெயை வாங்கிவந்து கறிக்கு ஊற்றிய சனம். நாங்கள் முதன்முதலில் வந்தபோது தேங்காய்ப்பூவுக்குக் கேக் செய்யும் சாமான் இருக்கிற தட்டைத் தேடிப்போனோமே, ஏறத்தாழ அதே கூத்து.

இவர்கள் எப்படி இந்தத் தொழிலுக்குள் வந்தார்கள் என்பது உங்களுக்கு ஒரு கிழமையிலேயே விளங்கிவிடும் கதை. கித்திராவில் இருந்து வந்த அதனாசியோஸ் கொமினோ என்பவர் 1878இல் சிட்னியின் ஒக்ஸ்ஃபோர்ட் வீதியில் மீன் கடை போட்டார். மீன் கடை சிப்பிக் கடையானது. அண்ணன் தம்பி வந்தார்கள், பிறகு மருமகன், பிறகு மருமகனின் ஊர்க்காரர். முதலில் வந்தவரின் கடையில் கோப்பை கழுவித் தொழில் பழகி, காசு சேர்த்து, அடுத்த ஊரில் சொந்தமாக ஒன்று. அப்படியே ரயில் பாதை நெடுகப் பரவினார்கள். நியூ சவுத் வேல்ஸிலும் குயின்ஸ்லாந்திலும் ஓரளவு பெரிய நாட்டுப்புற ஊர் எதிலும் ஒரு கிரேக்கக் கஃபேயாவது இருந்த காலம் உண்டு. பரகன், நயாகரா என்று பெயர்கள். கத்தூம்பாவில் சக்கரியாஸ் சிமோஸ் 1916இல் தொடங்கிய பரகனை உங்களில் பலர் புளூ மவுண்டன்ஸ் போய்வரும்போது கண்டிருப்பீர்கள். 1932இல் சிட்னி மார்ட்டின் பிளேஸில் மிக் அடம்ஸ் 'பிளாக் அன்ட் வைட்' என்ற மில்க் பாரைத் திறந்தார். மில்க் பார் என்றால் ஏதோ வெள்ளைக்கார அவுஸ்திரேலியாவின் ஆதிச்சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். மிக் அடம்ஸின் பிறந்த பெயர் ஜோவாகிம் தவ்லாரிடிஸ்.

கிரேக்கர்களுக்கு எல்லாம் சுகமாக நடந்தது என்று நினைக்கவேண்டாம். முதல் உலகப் போரில் கிரேக்க மன்னர் கொன்ஸ்டன்டீன் நடுநிலை என்று நின்றார். அந்தக் கோபம் இங்கே மீன் பொரித்துக்கொண்டிருந்தவன் தலையில் விடிந்தது. 1916 டிசெம்பரில் மேற்கு அவுஸ்திரேலியாவின் கல்கூர்லியிலும் போல்டரிலும் கிரேக்கர் கடைகளைக் கும்பல் அடித்து நொறுக்கியது. உங்களில் ஓரிருவர் 1983 யூலையில் கொழும்பில் கடையைப் பறிகொடுத்துவிட்டு, உடுத்த துணியோடு வந்தவர்கள். அந்தக் கடையின் ஒரு ரசீது கூட உங்களிடம் இல்லை என்று எனக்குத் தெரியும். கண்ணாடி எப்படி உடைந்தது என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கையில் இருந்த கடதாசி ஒருநாள் சாம்பலாகும் என்று தெரிந்தவர்கள், இப்போது கையில் இருப்பதைத் தாங்களாகவே தொட்டியில் போடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இனி அருங்காட்சியகத்தில் எனக்குக் குறையாகப் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். கஃபே மிகவும் சுத்தமாக இருக்கிறது. மினுங்கும் பலகை, மினுங்கும் கண்ணாடி. தொழில் நடந்த காலத்தில் அது ஒருநாளும் அப்படி இருந்திருக்காது. எரிந்த எண்ணெயின் மணம் இல்லை. காலையில் இருந்து இரவு கடைசிப் படம் விடும்வரை நின்ற கால்களின் வீக்கத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வழி ஏது? பெண்களின் பங்கும் போதாது என்றே நினைக்கிறேன். புகைப்படத்தைப் பார்த்துக் கலியாணம் பேசி, அறியாத ஆளை நம்பிக் கப்பலேறிய பெண்கள் ஏராளம். இறங்கிய சில நாட்களிலேயே குசினிக்குள் போனவர்கள். கடைப் பலகையில் அவர்களின் பெயர் இருக்காது. வங்கிக் கணக்கிலும் இருந்திருக்குமோ என்னவோ. உங்கள் கடைகளில் பின்னுக்கு நின்று ரோல்ஸ், மிதிவெடி என்று சிற்றுண்டி சுற்றுகிற அக்காமாரே, இந்த வரி உங்களுக்கு.

பிங்கராவில் இருந்து சற்றுத் தள்ளி மயால் கிறீக் இருக்கிறது. 1838 யூன் 10இல் குறைந்தது 28 விராயராய் ஆதிக்குடி மக்களை, பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் என்று பாராமல், குடியேற்றக்காரர்கள் வெட்டிக் கொன்ற இடம். அந்தக் குற்றத்துக்காக ஏழு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். 2000ஆம் ஆண்டில் நினைவிடம் எழுப்பப்பட்டது. கஃபேயைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கேயும் போகவேண்டும். மண்ணின் சொந்தக்காரருக்கு நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் வந்து குடியேறியவர்களின் பாட்டை மட்டும் பேசினால் கதை பாதிதான். நாங்களும் வந்து குடியேறியவர்கள்தான்.

திரும்பி வரும் வழி முழுக்க ஒரு கேள்வி. பிங்கராவில் இந்த அருங்காட்சியகம் வந்ததற்கு யார் காரணம்? கிரேக்க வம்சத்தவர் பாடுபட்டார்கள், பொருட்களைக் கொடுத்தார்கள், உண்மை. ஆனால் சபை காசு போட்டதற்கும் ஊர் கூடி நின்றதற்கும் வேறு காரணம் உண்டு. அந்தக் கஃபே ஊர் முழுவதுக்கும் சொந்தமான நினைவு. முதல் சன்டே சாப்பிட்டது அங்கே, படம் முடிந்து காதலியோடு இருந்தது அங்கே. கல்லாவுக்குப் பின்னால் நின்றவனின் உண்மையான பெயர் தெரியாது, ஆனால் அவன் போட்ட மில்க்‌ஷேக்கின் ருசி தெரியும். ஊரார் தங்கள் இளமையைக் காப்பாற்றப் போய்க் கிரேக்கரின் கடையும் காப்பாற்றப்பட்டது. கிரேக்கர் மற்றவன் சாப்பாட்டை மற்றவனுக்கு விற்றதன் விளைவு இது.

நீங்கள் செய்வது நேர்மாறு. எங்கள் சாப்பாட்டை எங்களுக்கே விற்கிறீர்கள். ஒளிக்காமல், பெயரை மாற்றாமல், பலகையில் தமிழ் எழுத்துப் போட்டு விற்கிறீர்கள். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பெண்டில் ஹில்லில் உங்கள் கடை நாளைக்கு மூடினால் அதை நினைத்து ஏங்கப்போகிறவர்கள் தமிழர் மட்டுமே. அறுபது வருடத்துக்குப் பிறகு எந்த உள்ளூராட்சி சபையும் தன் இளமைக்காக அதைத் திருத்திக் கட்டாது. அந்த வேலையை நாங்கள் செய்யாவிட்டால் செய்ய ஆள் இல்லை.

நேரமும் அதிகம் இல்லை. கிரேக்கக் கஃபேக்களை எது விழுத்தியது என்று பாருங்கள். 1956இல் தொலைக்காட்சி வந்தது, சனம் தியேட்டருக்குப் போகவில்லை. நெடுஞ்சாலைகள் ஊர்களைச் சுற்றிக்கொண்டு போயின. சுப்பர்மார்க்கெட் வந்தது. 1968இல் கென்டக்கி கோழி, 1971இல் மக்டொனால்ட்ஸ். இந்த இரண்டின் முதல் அவுஸ்திரேலியக் கடைகளும் வேறெங்கும் இல்லை, எங்கள் கில்ட்ஃபோர்டிலும் யகூனாவிலும். ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் கஃபேயின் பின்மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளைகள் வைத்தியராகவும் சட்டத்தரணியாகவும் போனார்கள். தாய் தகப்பன் விரும்பியதும் அதைத்தான். பிள்ளை இந்தக் கல்லாவில் வந்து நிற்கக்கூடாது என்பதற்காகவே அவர்கள் அந்தக் கல்லாவில் நின்றார்கள். உங்கள் மகள் எங்கே படிக்கிறாள், மகன் என்ன வேலை என்று நான் கேட்கும்போது உங்கள் முகத்தில் வருகிற வெளிச்சம் எனக்குத் தெரியும். கடையை எடுத்து நடத்தப்போகிறவர் அவர்கள் இல்லை என்பதும் தெரியும். இது சோகம் என்று நான் சொல்லவரவில்லை. கடை தன் வேலையை முடித்துவிட்டது. ஆனால் முடித்த கையோடு எல்லாவற்றையும் கூட்டி அள்ளி எறிவதுதான் எங்கள் வழக்கம்.

படமெடுப்பவரான எஃபி அலெக்ஸாகிஸும் வரலாற்றாசிரியரான லெனார்ட் ஜனிஷெவ்ஸ்கியும் 1982இல் கிரேக்க அவுஸ்திரேலியரின் வாழ்வைப் படமும் பேச்சுமாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். நாடு முழுக்க அலைந்து கஃபேக்களைத் தேடினார்கள். கஃபேக்களையும் மில்க் பார்களையும் பற்றிய அவர்களின் புத்தகம் 2016இல் வந்தது. அந்த வேலைக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. எங்களுக்குள் அப்படி இரண்டு பேர் கிளம்பும்வரை பொருட்கள் உயிரோடு இருந்தால் போதும்.

ஆகவே என் வேண்டுகோள் பெரிது அல்ல. பெயர்ப்பலகையை மாற்றும்போது பழையதைக் கராஜின் பின்சுவரில் சாத்தி வையுங்கள். மழை படாமல் இருந்தால் சரி. லாச்சிக்குள் கிடக்கும் படங்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள்: யார் யார், எந்த வருடம், எந்தக் கடை. 'திறப்புவிழா' என்று மட்டும் எழுதினால் உங்கள் பேரனுக்கு ஒன்றும் விளங்காது. முதல் கொள்கலனில் என்ன வந்தது, எது பழுதாகி வந்தது, துறைமுகத்துத் தடுப்புப் பரிசோதனையில் எதைப் பிடித்து எரித்தார்கள், விடியற்புறம் ஃபிளெமிங்டன் சந்தையில் முருங்கைக்காய் யாரிடம் வாங்கினீர்கள், வாடகைக்குக் கடை கேட்டபோது எத்தனை பேர் கதவைச் சாத்தினார்கள், இதையெல்லாம் கைபேசியில் பேசிப் பதியுங்கள். தமிழிலேயே பேசுங்கள். எழுதுவது பிறகு பார்க்கலாம்.

கடன் கொப்பி ஒரு சங்கடம்தான். புதிதாக வந்து விசாவும் வேலையும் இல்லாமல் இருந்த பெடியன்களுக்கு நீங்கள் எழுதிவைத்துக் கொடுத்த பாண், பருப்பு, ரின்மீன் எல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் அகதி வரலாற்றில் அதைவிட நேர்மையான ஆவணம் இருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அதில் உள்ள பெயர்கள் உங்களுடையவை அல்ல. இன்று அவர்களில் பலர் பெரிய வீட்டில் இருக்கிறார்கள், சிலர் காசைத் திருப்பித் தரவே இல்லை. கொப்பியைக் கிழிக்காமல் கட்டி வையுங்கள். ஐம்பது வருடத்துக்கு ஒருவரும் திறக்கக்கூடாது என்று மேலே எழுதுங்கள். ஆவணக் காப்பகங்கள் அப்படி நிபந்தனையோடு பொருள் வாங்குவது வழக்கமானதுதான்.

எங்கே கொடுப்பது என்று கேட்பீர்கள். தமிழருக்கென்று பெரிய அருங்காட்சியகம் கட்டவேண்டும், அதற்கு நிதி சேர்க்கவேண்டும் என்று கூட்டம் போட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தலைவர் யார் என்பதில் தொடங்கி இரண்டு சங்கமாகப் பிரிவோம். முகப்பில் யாழ் வைப்பதா வள்ளுவர் சிலை வைப்பதா என்று ஆறு மாதம் போகும். அதற்கு முன்பே உங்கள் கடை போய்விடும். உங்கள் நகரசபை நூலகத்துக்குப் போங்கள். அங்கே உள்ளூர் வரலாற்றுக்கென்று ஒரு பகுதியும் அதைப் பார்க்கும் உத்தியோகத்தரும் பெரும்பாலும் இருப்பார்கள். படத்தைப் பிரதியெடுத்துவிட்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தரச் சொல்லியும் கேட்கலாம். பிங்கராவும் வீதியோரத்து ஒரு கடையில்தான் தொடங்கியது.

நொடித்துப்போனவர்களே, உங்களைத்தான் நான் முதலில் தேடுகிறேன். பங்காளி ஏமாற்றிய கதை, குளிர்பெட்டி பழுதாகி ஒரு இரவில் மீன் முழுக்க அழுகிய கதை, மச்சானோடு கணக்கில் வந்த கோபம் இன்னும் தீராத கதை, இவை இல்லாமல் எழுதப்படும் எங்கள் கடை வரலாறு தேர்த்திருவிழா மலரில் வரும் விளம்பரம் மாதிரித்தான் இருக்கும். உங்கள் பெயரைப் போடவேண்டாம் என்றால் போடமாட்டோம்.

இந்த மடலை வாசித்துவிட்டு யாராவது சம்மதித்தால், கல்லாவில் நிற்கும் பிள்ளையிடம் ஒரு துண்டில் நேரத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடை பூட்டிய பிறகு என்றாலும் பரவாயில்லை. படம் பிடிக்கவும் பதியவும் என் பக்கத்தில் இரண்டு இளசுகள் ஆயத்தமாக இருக்கிறார்கள். நீங்கள் பேசினால் போதும். தேநீருக்கு நான் காசு தருவேன், வேண்டாம் என்று சண்டை பிடிக்கக்கூடாது.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருத்தி
சிட்னி